கவுன்சிலர் ஆகலாம், கல்லூரிச் சேர்மன் ஆகக் கூடாதா?

தென்காசி மாவட்டம் ராயகிரியிலிருந்து தினமும் காலையில் பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போகும் ஒரு மாணவிக்கு 21 வயது நிறைந்துவிட்டால், ராயகிரிப் பேரூராட்சியில் கவுன்சிலர் பதவிக்குப் போட்டியிடலாம். ஜெயித்தால் தெருவிளக்குக்கும் குடிநீர்க் குழாய்க்கும் தீர்மானம் கொண்டுவரலாம். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 18 வயதில், வாசுதேவநல்லூர் சட்டமன்றத் தொகுதிக்கும் தென்காசி நாடாளுமன்றத் தொகுதிக்கும் ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவருக்கு வந்துவிடுகிறது. அதே மாணவி கல்லூரி வாசலைத் தாண்டி உள்ளே போனதும், தன் வகுப்பின் சார்பில் யார் பேசுவது என்று முடிவுசெய்ய அவருக்கு ஓட்டு கிடையாது. பிரதமரைத் தீர்மானிக்கும் அளவுக்கு விவரம் தெரிந்தவர் என்று நாடு நம்புகிறது. மாணவர் பேரவைச் செயலாளரைத் தீர்மானிக்கும் அளவுக்கு விவரம் போதாது என்று கல்லூரி நினைக்கிறது.

ராயகிரிப் பிள்ளைகள் படிக்கப் போகும் ஊர்கள் புளியங்குடி, குற்றாலம், சுரண்டை, ராஜபாளையம், கொஞ்சம் வசதி இருந்தால் திருநெல்வேலி. ராஜபாளையம் போனால் மதுரை காமராசர் பல்கலைக்கழகம். மற்றவை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வரும். இவற்றில் எந்தக் கல்லூரியையும் தனியாகக் குறை சொல்ல இதை எழுதவில்லை. தமிழ்நாட்டின் பெரும்பாலான கல்லூரிகளில் நிலைமை ஒன்றுதான். ஆண்டுதோறும் ‘மாணவர் பேரவைத் தொடக்க விழா’ நடக்கும். பேட்ஜ் குத்துவார்கள், குறுக்குப் பட்டை அணிவிப்பார்கள், உறுதிமொழி வாசிக்கச் சொல்வார்கள். சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்து ‘நாளைய தலைவர்களே’ என்று தொடங்குவார். அந்த நாளைய தலைவர்களின் பெயரைத் துறைத் தலைவர் எழுதிக் கொடுத்திருப்பார். முதல்வர் டிக் போட்டிருப்பார். நல்ல மார்க், ஒழுங்கான வருகை, எதிர்த்துப் பேசாத சுபாவம் ஆகியவையே தகுதி. பிறகு ஆண்டு முழுக்க விருந்தினருக்குப் பொன்னாடை எடுத்துக் கொடுப்பதும், பொங்கல் விழாவுக்குக் கோலப் போட்டி நடத்துவதும் பேரவையின் பணி. கல்லூரிகளைத் தரமதிப்பீடு செய்யும் நாக் குழு வரும் ஆண்டில் மட்டும் பேரவையின் கோப்பு திடீரென்று தடித்துவிடும். மாணவர் பங்கேற்புக்கு அங்கே தனியாக மதிப்பெண் உண்டு.

முந்தைய தலைமுறைக்கு இது இப்படி இருக்கவில்லை; பேரவைத் தலைவரான ‘சேர்மனை’ மாணவர்களே தேர்ந்தெடுத்தார்கள். எழுபதுகளில் கல்லூரியில் படித்த பெரியவர் யாரிடமாவது ‘சேர்மன் எலெக்‌ஷன்’ என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். சுவரெழுத்து, கோஷம், வகுப்பு வகுப்பாகப் போய் ஓட்டுக் கேட்டது, ஹாஸ்டல் மொட்டை மாடியில் விடிய விடியப் பேசியது என்று ஒரு மணி நேரத்துக்குக் கதை இருக்கும். கூடவே, குரலைத் தாழ்த்திச் சொல்லும் கதைகளும் சில இருக்கும். அவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

தமிழ்நாட்டின் அரசியலை மாணவர்களை விட்டுவிட்டு எழுத முடியாது. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்த என்.சங்கரய்யா, அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள் கைதானதைக் கண்டித்ததற்காக 1941-ல், பி.ஏ. இறுதித் தேர்வுக்குச் சில நாட்களே இருக்கும்போது சிறைக்குப் போனார்; பட்டம் கைக்கு வரவே இல்லை. 2023-ல் அவருக்கு மதுரை காமராசர் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுக்க விரும்பியபோது ஆளுநரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. அந்த நவம்பரிலேயே, நூறு வயதைத் தாண்டிய நிலையில், அவர் காலமானார். 1965 ஜனவரி 27 அன்று அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன், இந்தித் திணிப்பு எதிர்ப்புப் போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். இரண்டே ஆண்டுகளில், அந்தப் போராட்டத்தில் முன்னால் நின்ற மாணவர் தலைவர் பெ.சீனிவாசன், ராயகிரிக்கு வடக்கே இருக்கும் விருதுநகரில் காமராஜரைத் தோற்கடித்தார். வித்தியாசம் 1,285 ஓட்டுகள். காமராஜர் தோற்றதில் எனக்கு இன்றும் வருத்தம்தான். ஆனால் ஒரு மாணவர் தலைவரால் அது முடிந்தது என்பது சரித்திரம்.

ஆட்சி மாறிய பிறகு மாணவர்கள்மீது ஆள்பவர்களுக்கு இருந்த பாசமும் மாறியது. 1971-ல் அன்றைய முதலமைச்சருக்குக் கௌரவப் பட்டம் வழங்குவதை எதிர்த்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கிளம்பிய போராட்டத்தின்போது உதயகுமார் என்ற மாணவர் இறந்துபோனார். விசாரணைக் கமிஷன் அமைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு நம் திருநெல்வேலியிலேயே, ஊர்வலம் போன மாணவர்கள்மீது போலீஸ் தடியடி நடத்தியபோது பாளையங்கோட்டை சவேரியார் கல்லூரி மாணவர் லூர்துநாதன் தாமிரபரணியில் உயிரிழந்தார். அவருக்குப் பாளையங்கோட்டையில் சிலை இருக்கிறது. அந்தச் சாலையில் தினமும் பஸ்ஸில் போய்வரும் மாணவர்களில் எத்தனை பேருக்கு அது யார் சிலை என்று தெரியும்?

அதற்குப் பிந்தைய கதை, மெல்ல மெல்ல வாய் அடைக்கப்பட்ட கதை. ஒவ்வொரு கல்லூரியாக, ஒவ்வொரு சண்டையின் பெயரைச் சொல்லி, தேர்தலை நிறுத்தினார்கள். மாணவர் போராட்டத்தின் தோளில் ஏறி 1967-ல் ஆட்சிக்கு வந்த இயக்கமும், அதிலிருந்து பிரிந்த இயக்கமும் அரை நூற்றாண்டுக்கு மேல் மாறி மாறி ஆண்டன. இரண்டு கட்சிக்கும் மாணவர் அணி உண்டு. மாநில மாநாடு உண்டு. வளாகத்துக்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்ற ஆர்வம் மட்டும் இரண்டு பக்கமும் இருந்ததில்லை. ஏணியின் அருமை ஏறியவர்களுக்குத்தான் தெரியும். அதனால்தானோ என்னவோ, மேலே போனதும் அதை இழுத்துக்கொண்டார்கள்.

நிறுத்தியதற்குச் சொன்ன காரணம் பொய்யானது அல்ல. தென்மாவட்டத்தில் பேசும்போது அதை மழுப்பக் கூடாது. குரலைத் தாழ்த்திச் சொல்லும் கதைகள் என்றேனே, அவை சாதிக் கதைகள். சேர்மன் வேட்பாளரை நிறுத்தும்போதே ‘நம்மாளுக்கு எத்தனை, அவனாளுக்கு எத்தனை’ என்று கணக்குப் போட்டது, ஊரிலிருந்து பெரிய ஆட்கள் ஜீப்பில் வந்து ஹாஸ்டலில் பணம் கொடுத்தது, முடிவு வந்த ராத்திரி கல்லெறி நடந்தது, அடுத்த நாள் அது பஸ் நிலையத்துக்கும் அங்கிருந்து கிராமத்துக்கும் பரவியது. இதைக் கண்ணால் பார்த்த ஒரு பேராசிரியரிடம் போய் ‘மறுபடியும் தேர்தல் வையுங்கள்’ என்று சொன்னால் அவர் கையெடுத்துக் கும்பிடுவார். அவருடைய பயத்தை நான் மதிக்கிறேன்.

ஆனால் ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. தேர்தலை எடுத்தோம், சாதி போய்விட்டதா? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவரை அவருடன் படித்த மாணவர்களே வீடு தேடிப்போய் அரிவாளால் வெட்டினார்கள்; தடுத்த தங்கையையும் வெட்டினார்கள். அந்தப் பள்ளியில் சேர்மன் தேர்தல் எதுவும் நடக்கவில்லை. அதைத் தொடர்ந்து ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் அமைக்கப்பட்ட ஒருநபர் குழு, 2024 ஜூன் 18 அன்று முதலமைச்சரிடம் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை, பள்ளிப் பெயர்களில் இருக்கும் சாதி அடையாளத்தை நீக்குவது என்று பல பரிந்துரைகள் அதில் இருக்கின்றன. கயிற்றின் நிறத்தை வைத்து ‘யார் நம்ம ஆள்’ என்று பார்க்கும் பழக்கம் வாக்குப் பெட்டியிலிருந்து பிறக்கவில்லை. பெட்டியே இல்லாத காலத்தில்தான் அது இவ்வளவு தழைத்திருக்கிறது.

சந்துருவே ஒரு மாணவர் தலைவர்தான் என்பதை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். மாணவர் போராட்டத்தில் ஈடுபட்டதற்காக லயோலா கல்லூரியிலிருந்து வெளியேற்றப்பட்டு, கிறிஸ்தவக் கல்லூரியில் படிப்பை முடித்தவர். உதயகுமார் மரணம் பற்றிய விசாரணைக் கமிஷன் முன் மாணவர் தரப்பில் ஆஜரான அனுபவம்தான் அவரைச் சட்டம் படிக்கத் தூண்டியது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, மாணவர்களுக்குள் சாதி ஏன் கத்தி எடுக்கிறது என்று ஆராய அரசு தேடிப் போனது, ஒரு காலத்தில் கல்லூரி வெளியே தள்ளிய அந்த மாணவர் தலைவரைத்தான்.

வாக்கு கேட்பது மனிதனைப் பணியவைக்கும். எந்தச் சாதிக்காரனாக இருந்தாலும், அறுபது பேர் இருக்கும் வகுப்பில் தன் ஆட்களின் ஓட்டை மட்டும் வைத்து ஜெயிக்க முடியாது என்று தெரிந்த நிமிடமே, மற்ற பெஞ்சுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். ‘ஓட்டுப் போடு நண்பா’ என்று கேட்க வேண்டும். அந்தப் பெஞ்சுக்காரன் திருப்பி ஏதாவது கேட்பான். ‘எங்க ஊருக்குக் கடைசி பஸ் அஞ்சரைக்கே போயிடுது, அதுக்கு என்ன செய்வ?’ என்பான். அதற்குப் பதில் சொல்ல வேண்டும். தென்மாவட்டக் கல்லூரிகளில் ஒரு சமூகத்துப் பையன் இன்னொரு சமூகத்துப் பையனிடம் போய்ப் பணிவாகப் பேசியே தீர வேண்டிய கட்டாயம் இருந்த ஓர் இடம் அது. அதைத்தான் அமைதியின் பெயரால் மூடிவிட்டோம். சாதிக் கணக்குப் போடுகிறவன் அன்றும் போட்டான், இன்றும் போடுகிறான். கணக்கு பொய்த்துப்போய் மற்றவனிடம் கை நீட்டும் வாய்ப்பு மட்டும் இன்று இல்லை.

சாதிச் சண்டை வரும் என்பதற்காகத் தேர்தலையே நிறுத்துவது நியாயம் என்றால், இந்த மாநிலத்தில் உள்ளாட்சித் தேர்தல் நடந்திருக்கவே கூடாது. மேலவளவு ஊராட்சி பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதி ஆனதும் அதன் தலைவர் முருகேசனையும் அவருடன் இருந்தவர்களையும் 1997-ல் வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு தனி ஊராட்சிகளில் பத்து ஆண்டுகள் தேர்தலை முறையாக நடக்க விடவில்லை. வேட்புமனு போட ஆளில்லை. போட்டவர் ஜெயித்தால் மறுநாளே ராஜினாமா செய்ய வைத்தார்கள். அரசு என்ன செய்தது? ‘சரி, இந்த ஊர்களுக்கு அதிகாரியே ஒருவரை நியமித்துவிடலாம்’ என்று கைகழுவவில்லை. ஒவ்வொரு முறையும் மறுபடி அறிவிப்பாணை வெளியிட்டார்கள். 2006 அக்டோபரில், மதுரையிலும் விருதுநகரிலும் நிர்வாகம் ஊர் ஊராகப் போய்ப் பேசி, அந்த நான்கு இடங்களிலும் தேர்தல் நடந்து முடிந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் பதவியிலும் இருந்தார்கள். ஊராட்சிக்கு இவ்வளவு பொறுமை காட்டிய ஒரு மாநிலம், படித்த பிள்ளைகளின் வளாகத்தில் முதல் கல் விழுந்ததும் கதவைச் சாத்தியது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? ராயகிரியைச் சுற்றியிருக்கும் வாசுதேவநல்லூர் தனித்தொகுதி. பல பத்தாண்டுகளாக எல்லாச் சமூகத்து வாக்காளர்களும் வரிசையில் நின்று பட்டியல் சாதி வேட்பாளர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். வயல் வேலை முடித்து வந்து நிற்கும் பெரியவருக்குக் கைவந்த இந்த வழக்கம், பட்டப்படிப்பு படிக்கும் அவர் பேத்திக்குக் கைவராது என்று நினைப்பதற்கு என்ன ஆதாரம்?

விதிமுறை வேண்டாமா என்றால், வேண்டும். அது ஏற்கெனவே எழுதப்பட்டும் இருக்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் கேட்டுக்கொண்டதால், முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம்.லிங்டோ தலைமையில் குழு அமைக்கப்பட்டது. அது 2006 மே மாதம் அறிக்கை கொடுத்தது. அதே ஆண்டு செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் அதை நடைமுறைப்படுத்தச் சொன்னது. இளநிலை மாணவர் என்றால் 17 முதல் 22 வயதுக்குள் இருக்க வேண்டும். அரியர் இருக்கக் கூடாது. 75 சதவீத வருகை வேண்டும். குற்ற வழக்கில் தண்டனை பெற்றவர் நிற்க முடியாது. செலவு 5,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. அச்சடித்த போஸ்டர் கூடாது, கையால் எழுதியது மட்டும்தான். கட்சிப் பணம் கூடாது. மனுத்தாக்கல் தொடங்கி முடிவு வரை பத்து நாளுக்குள் முடித்துவிட வேண்டும். நிர்வாகிப் பதவிக்கு ஒருவர் ஒரே ஒருமுறைதான் போட்டியிடலாம். நம் ஊர்ச் சட்டமன்ற வேட்பாளர்களுக்கு இதில் பாதி விதிகளை வைத்தால்கூட மனு போட ஆள் தேட வேண்டியிருக்கும்!

சூழ்நிலை சரியில்லாத இடங்களில் தற்காலிகமாக நியமன முறை இருக்கலாம், காலப்போக்கில் தேர்தலுக்கு மாறிவிட வேண்டும் என்றும் அந்தக் குழு சொன்னது. நம் கல்லூரிகள் அந்த வாக்கியத்தில் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிட்டன.

செங்கோட்டையைத் தாண்டினால் கேரளம். குற்றாலத்து மலையின் அந்தப் பக்கம் கல்லூரித் தேர்தல் ஒரு திருவிழா. தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவப் பிரதிநிதிகள் கேரளப் பல்கலைக்கழகத்தின் செனட்டில் உட்காருகிறார்கள். 2020 டிசம்பரில் திருவனந்தபுரம் மேயராகப் பதவியேற்ற ஆர்யா ராஜேந்திரனுக்கு வயது 21. கல்லூரி மாணவி, மாணவர் சங்கத்தில் வளர்ந்தவர். இதைக் காட்டி ‘கேரளத்தைப் பாருங்கள்’ என்று எழுதிவிட்டுப் போவது எளிது. முழுதாகப் பார்க்க வேண்டும். 2018 ஜூலையில் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் சுவரெழுத்துத் தகராறில் அபிமன்யு என்ற மாணவர் குத்திக் கொல்லப்பட்டார். 2023-ல் காட்டாக்கடை கல்லூரியில் ஜெயித்த மாணவியின் பெயருக்குப் பதிலாகத் தேர்தலில் நிற்காத ஒருவரின் பெயரைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவைத்தார்கள். 2024 பிப்ரவரியில் வயநாடு பூக்கோடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரு மாணவர் கொடுமைப்படுத்தப்பட்டு இறந்த வழக்கில், மாணவர் சங்க நிர்வாகிகளே கைதானார்கள். ஒரே அமைப்பு எதிர்ப்பில்லாமல் ஆளும் வளாகம், தேர்தல் நடந்தாலும் ஜனநாயக வளாகம் இல்லை. இதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் காட்டாக்கடை மோசடி எப்படி வெளியே வந்தது? ஜெயித்தது யார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததால். நியமனத்தில் யார் பெயரை மாற்றினாலும் யாருக்குத் தெரியப்போகிறது?

டெல்லியில் இன்னொரு வகை. 2024 செப்டம்பர் 27 அன்று டெல்லிப் பல்கலைக்கழக மாணவர் சங்கத் தேர்தல் நடந்தது. சுவரையெல்லாம் போஸ்டரால் நாறடித்திருந்ததால், சுத்தம் செய்யும்வரை ஓட்டு எண்ணக் கூடாது என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. வேட்பாளர்கள் துடைத்தார்கள், சுண்ணாம்பு அடித்தார்கள்; நவம்பர் 25 அன்றுதான் முடிவு வந்தது. இப்படிப்பட்ட தண்டனை எனக்குப் பிடித்திருக்கிறது. தேர்தலை ரத்து செய்யவில்லை, அழுக்கை அவர்களையே கழுவச் சொன்னார்கள்.

தமிழ்நாட்டிலும் இது அடியோடு இல்லாமல் போகவில்லை. சென்னை ஐஐடியில் ஆண்டுதோறும் மாணவர் தேர்தல் நடக்கிறது. சென்னையின் சில பழைய மகளிர் கல்லூரிகளில் மாணவிகள் ஓட்டுப் போட்டுத் தங்கள் தலைவியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆக, பணக்காரப் பிள்ளையும் நுழைவுத்தேர்வில் ஜெயித்த பிள்ளையும் தேர்தலுக்குத் தகுதியானவர்கள். குற்றாலத்திலும் சுரண்டையிலும் படிக்கும் முதல் தலைமுறைப் பிள்ளைகள் தகுதியில்லாதவர்கள். இதை யாரும் வாயால் சொல்லவில்லை, நடைமுறை சொல்கிறது.

தேர்தல் இல்லாத இடத்தில் தலைமை இல்லாமல் போவதில்லை. வேறு வடிவில் முளைக்கிறது. சென்னையில் அதற்கு ‘ரூட்டு தல’ என்று பெயர். பஸ் தடத்தில் எந்தக் கோஷ்டியின் ஆதிக்கம் என்று தீர்மானிக்க, 2019 ஜூலையில் அரும்பாக்கத்தில் பட்டப்பகலில் பஸ்ஸை மறித்து மாணவர்கள் பட்டாக்கத்தியால் வெட்டிக்கொண்டார்கள். 2024 அக்டோபரில் ரயில் நிலையத்தருகே தாக்கப்பட்ட மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் இறந்தார். ‘தல’யை யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. அடுத்த ஆண்டு ஓட்டுப் போட்டு இறக்கவும் முடியாது.

தலைமை எதற்கு என்று 2017 ஜனவரியில் மெரினாவில் தெரிந்தது. ஜல்லிக்கட்டுக்காகத் திரண்ட அந்தக் கூட்டத்தின் ஒழுங்கைப் பார்த்து நாடே வியந்தது. ‘எங்களுக்குத் தலைவர் கிடையாது’ என்பதைப் பெருமையாகச் சொன்னார்கள். அவசரச் சட்டம் வந்தது. ‘வந்தது போதும், கலையலாம்’ என்று சொல்ல அங்கே யாருக்கும் அதிகாரம் இல்லை. அரசுக்கும் யாரிடம் பேசுவது என்று தெரியவில்லை. 23-ம் தேதி காலையில் போலீஸ் புகுந்தது. அன்று மாலையே சட்டமன்றத்தில் சட்டம் நிறைவேறியது. இடையில் சில மணி நேரம்தான். அதற்குள் நடுக்குப்பத்தில் மீனவர்களின் சந்தை எரிந்துபோனது. தன் ஆட்களைப் பார்த்து ‘எழுந்திருங்கள்’ என்று சொல்வதற்கும் ஒரு தலைவர் வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் நடந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2021 ஜனவரி 8 அன்று இரவு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை நிர்வாகமே இடித்தது. மாணவர்கள் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். பேச்சுக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை; மாணவர் ஒன்றியம் இருந்தது. 11-ம் தேதி விடியும்போது துணைவேந்தரே வந்து மாணவர்களுடன் சேர்ந்து புதிய தூபிக்கு அடிக்கல் நட்டார், உண்ணாவிரதம் முடிந்தது. ஏப்ரலில் தூபி எழுந்தது. ராணுவம் சூழ்ந்த ஒரு நகரத்தில், துப்பாக்கி வெடிக்காமல் மூன்று நாளில் முடிந்த விஷயம் இது.

பெற்றோர் சொல்வதையும் கேட்க வேண்டும். ராயகிரியில் கரும்பு வெட்டியும் நூறு நாள் வேலைக்குப் போயும் பிள்ளையைப் படிக்கவைக்கும் ஓர் அம்மா, ‘நான் இவளைப் படிக்கத்தானே அனுப்பினேன், கட்சி கட்டவா அனுப்பினேன்?’ என்று கேட்டால் என்ன சொல்வது? ஒரு எஃப்.ஐ.ஆர். விழுந்தால் போலீஸ் வேலையும் போச்சு, பாஸ்போர்ட்டும் போச்சு என்பது அவருடைய பயம். அம்மா, உங்கள் மகள் கட்சி கட்டப் போகவில்லை. அவளுடைய கல்லூரி வாசலில் பஸ் நிற்பதில்லை. கழிப்பறையில் தண்ணீர் வருவதில்லை. செமஸ்டர் ரிசல்ட் தாமதமாக வந்து மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் தேதி தாண்டிவிடுகிறது. மறுமதிப்பீட்டுக்குக் கட்டிய பணத்துக்குப் பதில் இல்லை. இதையெல்லாம் தனியாகப் போய்க் கேட்டால் ‘நீ எந்த டிபார்ட்மென்ட், உன் பேர் என்ன?’ என்பார்கள், இன்டர்னல் மார்க்கை நினைத்து அவள் வாயை மூடிக்கொள்வாள். நானூறு பேர் ஓட்டுப் போட்டு அனுப்பிய ஒருத்தி போய்க் கேட்டால் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். நம் மாவட்டத்திலேயே, 2021 அக்டோபர் ஊரக உள்ளாட்சித் தேர்தலில், இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பொறியியல் பட்டதாரி சாருகலா, கடையம் ஒன்றியம் வெங்கடாம்பட்டி ஊராட்சித் தலைவியாக ஜெயித்தார். ஊரே நம்பி ஒப்படைத்தது.

நிர்வாகத்தினர் ‘குறைதீர் குழு இருக்கிறதே’ என்பார்கள். யுஜிசியின் 2023-ம் ஆண்டு விதிப்படி அந்தக் குழுவில் மாணவர் ஒருவருக்கு இடம் உண்டு. சிறப்பு அழைப்பாளராக, மார்க்கையோ விளையாட்டையோ பார்த்து நிர்வாகம் நியமிப்பவராக. குறை சொல்ல வேண்டியவரை, யார்மீது குறையோ அவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள்.

ஆனால் இன்னொரு விதி இருக்கிறது. அதுதான் இந்த விஷயத்தில் நமக்குக் கிடைத்த கைப்பிடி. பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க யுஜிசி வகுத்து, 2016-ல் அரசிதழில் வெளியான விதிமுறைகளின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். புகாரில் மாணவர்கள் சம்பந்தப்பட்டிருந்தால், அந்தக் குழுவில் இளநிலை, முதுநிலை, ஆய்வு என மூன்று நிலையிலிருந்தும் மூன்று மாணவர்கள் உட்கார வேண்டும். அவர்கள் வெளிப்படையான ஜனநாயக முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும். நியமிக்கப்பட்டவர்கள் என்று விதியில் இல்லை. 2018-ல் அருப்புக்கோட்டையில் ஒரு பேராசிரியை மாணவிகளுக்கு விரித்த வலை ஆடியோவாக வெளியே வந்து நாட்டையே உலுக்கியது. 2024 ஏப்ரலில் ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றம் அவருக்குப் பத்து ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே ஒரு மாணவி பாலியல் வன்முறைக்கு ஆளானார். ஒவ்வொரு முறையும் சிசிடிவி, காவலாளி, அடையாள அட்டை என்றுதான் பேசினோம். மாணவிகள் நம்பிப் போய்ச் சொல்லக்கூடிய, மாணவிகளே தேர்ந்தெடுத்த ஒருத்தி அந்தக் குழுவில் இருக்கிறாளா என்று யாரும் கேட்கவில்லை.

மொத்த மாநிலத்துக்கும் ஒரே நாளில் சேர்மன் தேர்தல் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் தன் நேரடிப் பொறுப்பில் உள்ள வளாகத் துறைகளிலும் புளியங்குடி போன்ற ஊர்களில் உள்ள தன் உறுப்புக் கல்லூரிகளிலும் தொடங்கலாம். ரகசிய வாக்கு, வகுப்புக்கு இரண்டு பிரதிநிதிகள், அதில் ஒருவர் கட்டாயம் பெண். அவர்கள் கூடி நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கட்டும். தலைவர் பதவி, உள்ளாட்சியில் இருப்பதுபோல, பெண்களுக்கும் பட்டியல் சாதி மாணவர்களுக்கும் சுழற்சி முறையில் வரட்டும். மாதம் ஒருமுறை முதல்வர் அவர்களுடன் உட்கார்ந்து பேசி, நடந்ததை எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். பிரச்சினை வந்தால் லிங்டோ விதிகள் கையில் இருக்கின்றன.

கல்லூரிச் சேர்க்கை நடக்கும் நாட்களில் ராயகிரியிலிருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கட்டணம் எவ்வளவு, ஹாஸ்டல் உண்டா, பஸ் உண்டா என்று கேட்டு முடித்ததும், ‘உள்ளகப் புகார்க் குழுவுக்கு மாணவர்களே தேர்ந்தெடுத்த அந்த மூன்று பேர் யார், தேர்தல் எப்போது நடந்தது?’ என்று அலுவலகத்தில் கேளுங்கள். பதிலை எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது. விதி 2016-லிருந்து இருக்கிறது.